அடித்தண்ணீர்

கயிறு உடனுக்குடன் பதில் சொன்னது. உடும்பு என்று எல்லோரும் கூப்பிடும் பெரியவருக்குப் பிடிக்காமல் போனது அதுதான்.

மருமகனைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. சாப்பிட வா என்று கூப்பிட்டாலே மூன்றாவது தடவைதான் தலையைத் தூக்குகிற ஜென்மம். அப்படிப்பட்டவன் நேற்று மதியம் குழிக்குள் இறங்கி, ராத்திரி முழுக்க அங்கேயே கிடந்து, இப்போது மேலிருந்து ஒரு இழுப்பு இழுத்தால் கண்ணிமைப்பதற்குள் ஒரு இழுப்பைத் திருப்பிக் கொடுக்கிறான். சலிப்பில்லை, கோபமில்லை, தாமதமில்லை. வாத்தியார் முன்னால் வாய்ப்பாடு ஒப்பிக்கிற பையன் மாதிரி.

"பாத்தீங்களா அத்தான்," என்றான் கயிற்றைப் பிடித்திருந்த மச்சினன். அவர் மனைவியின் தம்பி. "மாப்பிள்ளை உசுரோடதான் இருக்காரு. நேத்துலேருந்து கேக்கக் கேக்கச் சொல்லிட்டே இருக்காரு."

"ராத்திரி தூங்கினியா?"

"கயிறு கையிலயேதான் இருந்துச்சு அத்தான்."

"கயிறு தூங்கலைன்னு எனக்கும் தெரியும். உன்னைக் கேட்டேன்."

மச்சினன் கயிற்றைக் கை மாற்றிப் பிடித்தான்.

தொழிற்சாலையின் பின்பக்கம் அந்தக் குழி. ஒரு காலத்தில் கல் உடைத்து எடுத்த பள்ளம். மழை பெய்து நிரம்பியது. பிறகு தொழிற்சாலைக்காரர்கள் ஒரு குழாயை அடியில் விட்டு, வருஷக்கணக்காகக் கொதிக்கிற உப்புக் கழிவை அதில் ஊற்றினார்கள். கழிவு கனமானது. மழைத்தண்ணீரோடு கலக்காமல் கீழே தனியாகப் படுத்துக்கொண்டது. மேலே தவளையும் மீனும் துள்ளும். கீழே இருப்பது வேறு சமாச்சாரம். கறுப்பு. சூடு. அழுகின முட்டை நாற்றம். இரும்பைப் போட்டால் அரித்துத் தின்றுவிடும். அதை அடித்தண்ணீர் என்பார்கள். அதில் ஒரு புழுகூடப் பிழைக்காது என்று ஆபீஸ்காரர்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்ட எவனும் அதில் கால் விரலை நனைத்ததில்லை.

குழாயின் வாயில் கம்பிச்சட்டம் ஒன்று உண்டு. அதில் உப்பு பாறையாகக் கட்டிக்கொள்ளும். அவ்வப்போது கழிவை நிறுத்திவிட்டு ஆள் இறங்கி அதை உடைக்க வேண்டும். இது உடும்பின் வேலை. பிடித்தால் விடமாட்டார் என்றுதான் அந்தப் பெயர். இந்தத் தடவை அவர் வெளியூர் வேலைக்குப் போயிருந்தார். நான் பார்த்துக்கறேன் மாமா என்று மருமகன் மார் தட்டினான். பார்த்துக்கொண்ட லட்சணம் இது.

கீழே இருப்பவனோடு பேச்செல்லாம் கயிற்றில்தான். மற்ற ஆட்கள் கேள்விக்கு ஒரு கணக்கும் பதிலுக்கு வேறு கணக்கும் வைத்திருப்பார்கள். மச்சினன் மண்டைக்கு அது ஏறாது என்று உடும்புதான் சுலபமாக்கி வைத்தார். ஒரு இழுப்பு, நல்லா இருக்கியா. இரண்டு, தூக்கவா. மூன்று, இன்னொரு ஆள் வேணுமா. ஆமாம் என்றால் கீழே இருப்பவன் அதே கணக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இல்லை என்றால் சும்மா இருக்க வேண்டும். மாட்டுக்கும் புரியும் என்று சொல்லிச் சிரித்திருக்கிறார்.

ராத்திரி மச்சினன் இரண்டு கேட்டான், இரண்டு வந்தது. கயிறு சுற்றும் வின்ச் போட்டு இழுத்தார்கள். கயிறு வீணைக் கம்பி மாதிரி விறைத்து முனகியதே தவிர ஒரு சாண்கூட ஏறவில்லை. மூன்று கேட்டான், மூன்று வந்தது. தீயணைப்புக்காரர்கள் வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டு, இந்தத் தண்ணீருக்கு எங்களிடம் உடை இல்லை என்று போய்விட்டார்கள். மச்சினன் இரண்டே தடவை குழியில் இறங்கியவன், இரண்டு தடவையும் பாதியிலேயே ஏறி வந்தவன். ஆகவே எல்லோரும் உடும்புக்காகக் காத்திருந்தார்கள்.

மகள் காற்று மிஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை மிஷின்மேல், ஒரு கை டீசல் கேன்மேல். நேற்றிலிருந்து அது ஒரு நிமிஷமும் நிற்காமல் அவள்தான் பார்த்துக்கொண்டாள். மிஷின் ஓடுகிறவரை கீழே காற்று போகும். காற்று போகிறவரை புருஷன் இருப்பான்.

"அப்பா, கொண்டுவந்துடுவீங்கல்ல?"

"பின்ன எதுக்குப் போறேன், குளிக்கவா?"

அவள் சிரிக்கவில்லை. "மேல வந்ததும் அவரைத் திட்டாதீங்கப்பா."

"முதல்ல வரட்டும்."

தூரத்தில் கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி இன்ஜினியர் குரல் கொடுத்தான். "பெரியவரே, கொஞ்சம் சீக்கிரம். கழிவை ரொம்ப நேரம் நிறுத்தி வைக்க முடியாது."

"அப்ப நீங்க முன்னால எறங்குங்க சார், நான் பின்னாலயே வர்றேன்."

இன்ஜினியருக்குத் திடீரென்று போன் வந்துவிட்டது.

உடும்பு முழுகுவதற்கான ஈயக்கட்டிகளை இரட்டிப்பாக இடுப்பில் கட்டினார். தன் கயிற்றின் நுனியை மச்சினனிடம் கொடுத்துவிட்டு முகமூடியைப் போட்டார். மிஷினின் மூன்று குழாய்களில் இரண்டாவதிலிருந்து காற்று சீறிக்கொண்டு வந்தது.

மேல்தண்ணீர் குளிர்ந்தும் பச்சையாகவும் இருந்தது. சின்ன மீன்கள் விளக்கு வெளிச்சத்தில் ஊசி கொட்டினாற்போல் சிதறி ஓட, தலைக்குமேல் மிஷினின் தடதடப்பு தேய்ந்து தேய்ந்து பக்கத்துத் தெரு மாவுமில் சத்தம்போல ஆக, மருமகனின் கயிற்றை ஒரு கையில் வழுக்கவிட்டுக்கொண்டு அவர் இறங்கினார். பிறகு மீன்கள் நின்றன. பாறைச்சுவரில் பாசி நின்றது. காலுக்குக் கீழே, தண்ணீருக்குள்ளேயே, இன்னொரு குளம் தெரிந்தது. அதற்கும் கரை உண்டு, நுரை உண்டு, அவர் கால் பட்டதும் வளையம் வளையமாக அலையும் எழுந்தது. அடித்தண்ணீர் ஆளை எளிதில் ஏற்காது. பலகை மாதிரி பாதத்தைத் தாங்கி மேலே தள்ளும். தலைகீழாகத் திரும்பி, முட்டி மோதித்தான் நுழைய வேண்டும்.

நுழைந்தார்.

உடம்பெல்லாம் எரிந்தது. முகமூடியின் ஓரம் வழியாக முட்டை நாற்றம் கசிந்தது. மாவுமில் சத்தம் கத்தரித்தாற்போல் போனது. கழிவு ஓடுகிற நாளில் கரையிலேயே வேறொரு சத்தம் கேட்கும், குழாய்க்குள் பம்ப்பு அடிக்கிற டுப், டுப். இன்று அது இல்லை. வழக்கமாகக் கழிவை நிறுத்திய கையோடு இறங்குவார், அப்போது இங்கே கொதிக்கும். இன்று வெதுவெதுப்புகூடக் குறைந்து, ஆறிப்போன காப்பி மாதிரி இருந்தது.

கையில் இருந்த கயிறு தடித்தது. பூனை வாலைப் பிடித்தாற்போல் இருந்தது. விளக்கைக் கிட்டே கொண்டுபோனார். வெள்ளை இழைகள். விரல் நீளம், நூல் பருமன். கயிற்றைச் சுற்றி அடர்த்தியாக முளைத்து, எல்லாமே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. அவர் இருந்த பக்கமாக. அவர் இடப்பக்கம் நகர்ந்தார். அவையும் சாய்ந்தன.

புழு. ஆபீஸ்காரன் பிழைக்காது என்று எழுதினால் அது பிழைத்திருக்கும் என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும். புழுவுக்குப் பயப்பட அவர் என்ன இன்ஜினியரா?

கீழே இருப்பவனுக்குத் தான் வருவது தெரியட்டும் என்று மருமகனின் கயிற்றை ஒரு தடவை இழுத்தார்.

ஒரு இழுப்பு வந்தது.

கீழேயிருந்து வரவில்லை. அவர் கைக்கடியிலேயே வந்தது. உள்ளங்கைக்குள் அந்த இழைகள் எல்லாம் ஒன்றாகச் சுருங்கி ஒன்றாக விட்டன.

இரண்டு இழுத்தார். இரண்டு சுருங்கின. மூன்று. மூன்று.

ஐந்து இழுத்துப் பார்த்தார். எந்தக் கணக்கிலும் இல்லாத ஐந்து. ஐந்தும் வந்தன.

பம்ப்பு அடித்த அடிக்கெல்லாம் கூடவே சுருங்கி, குழாயைக் கவ்விப் பிடித்துப் பழகினவை. எது அசைந்தாலும் கூட அசையும். வேறு ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. மேலே இருப்பவனுக்கு அவன் கேட்டதையே திருப்பிக் கொடுத்தால் போதும். ஆமாம் என்று நினைத்துக்கொள்வான். ராத்திரி முழுக்க அந்த மடையன் ஒரு புழுக்கூட்டத்தோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறான். பேசக் கற்றுக் கொடுத்த மடையன் யார் என்பதும் உடும்புக்குத் தெரியும்.

அப்படியானால் மருமகன் ஒரு தடவைகூடப் பதில் சொல்லவில்லை.

ஏறிவிடலாம். ஏறிப் போய் மகளிடம் என்ன சொல்வது? பிணத்தையாவது கொடுக்க வேண்டும். இறங்கினார்.

கம்பிச்சட்டம் தெரிந்தது. அதில் சாய்ந்து ஒருவன் உட்கார்ந்திருந்தான். கழுத்துவரை வெள்ளை. மெத்தைக்கடைப் பஞ்சுக்குள் விழுந்து எழுந்தாற்போல். பஞ்சு அசைந்துகொண்டிருந்தது. கிட்டே போகப் போகத் தண்ணீர் சூடானது. குழாய் பக்கம் இல்லை. அவன் பக்கம்.

முகமூடிக் கண்ணாடியில் வெளிச்சம் விழுந்தது.

கண் திறந்திருந்தது.

இமைத்தது.

"டேய்," என்றார் முகமூடிக்குள். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. மருமகன் தலையை மெல்ல வலப்பக்கம் திருப்பினான். பிறகு இடப்பக்கம். மறுபடி வலப்பக்கம். வேண்டாம். போங்க. வாழ்க்கையில் அவன் கேட்காமலே சொன்ன முதல் பதில்.

அப்போதுதான் காற்றுக்குழாயைக் கவனித்தார். மருமகனின் கை, கால், கயிறு, இடுப்பு ஈயம், எல்லாவற்றிலும் வெள்ளை. காற்றுக்குழாயில் மட்டும் ஒரு இழைகூட இல்லை. துடைத்து வைத்தாற்போல் பளபளவென்று மேலே போனது. கழிவு நின்றது, சூடு நின்றது. இவற்றுக்குச் சூடு வேண்டும். செத்தவன் ஆறிப்போவான். மூச்சு விடுகிறவன் ஆறமாட்டான்.

கத்தியை எடுத்தார். மருமகனின் தோளில் வைத்து அறுத்தார். இழைகள் நுங்கு மாதிரி வழுக்கி அறுந்தன. மிதந்தன. அவர் கையில் ஒட்டின. வலிக்கவில்லை. இதமாகக்கூட இருந்தது, வெந்நீர் ஒத்தடம்போல. இன்னும் அறுத்தார். விரல் மரத்தது. கத்தி எங்கே? மணிக்கட்டு. முழங்கை. காலை உதைத்தார். கால் எங்கோ யாருடையதோ மாதிரி இருந்தது. முதுகு கம்பியைத் தொட்டது.

மேலிருந்து அவர் கயிற்றில் ஒரு இழுப்பு.

அவர் கை அசையவில்லை. கயிறு அசைந்தது. ஒன்று.

இரண்டு வந்தது. இரண்டு போனது. வின்ச் இறுகியது. தோள்பட்டை கழன்றுவிடும்போல நெரிந்தது. ஒரு சாண்கூட ஏறவில்லை. தளர்ந்தது.

கேட்காதே. அடுத்ததைக் கேட்காதே.

மூன்று வந்தது.

சும்மா இருந்தால் இல்லை என்று அர்த்தம். சும்மா இருங்க. சும்மா இருங்கடா.

மூன்று போனது.

மச்சினன் வரமாட்டான். தொடைநடுங்கி. எட்டிப் பார்ப்பான், வாந்தி எடுப்பான், ஓடுவான். ஓடுடா. உன்னைப் பெத்தவங்க உன்னைக் கோழையாத்தானே பெத்தாங்க. ஓடு.

ஒன்றும் நடக்கவில்லை. காற்று வந்துகொண்டே இருந்தது. நல்ல காற்று. லேசாக டீசல் வாசனை. இப்போதுதான் ஊற்றியிருக்கிறாள்.

பக்கத்தில் மருமகனின் கண் மேலே பார்த்தது. உடும்பும் பார்த்தார்.

இரண்டாவது குளத்தின் கூரைமேல், மஞ்சளாக ஒரு வெளிச்சம். நடுங்கியது. நின்றது. திரும்பிப் போவதுபோல் மங்கியது.

பிறகு கூரை உடைந்து ஒரு தலை உள்ளே வந்தது.

கம்பிச்சட்டத்தில், அவருக்கும் மருமகனுக்கும் நடுவே, வெள்ளை இழைகள் அவசரமில்லாமல் இரண்டு பக்கமும் ஒதுங்கின. ஒரு ஆள் சாயும் அகலத்துக்கு வெறும் இரும்பு தெரிந்தது.