யார் கேட்டாலும் கொடு

நாற்பது கம்ப்யூட்டர்கள் இருந்த அந்த அலுவலகத்தில், நாற்பத்தொன்றாவதாக ஒன்று கேட்டது.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். அங்கே அவள்தான் ‘கம்ப்யூட்டர் அக்கா’. மவுஸ் நகராவிட்டாலும் ஃபேன் சுற்றாவிட்டாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, எல்லா மெஷின்களிலும் பழைய சிஸ்டத்தை அழித்துப் புதியதை நெட்வொர்க் வழியாகவே ஏற்றிக்கொண்டிருந்தாள். பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக அலையத் தேவையில்லை. மெஷின் விழித்ததும் கேபிள் வழியாக, எனக்குக் கொடுக்க யாராவது இருக்கிறீர்களா என்று கேட்கும். சர்வர் பதில் சொல்லி, அதன் டிஸ்க்கைத் துடைத்து, புதியதை ஏற்றும். ஒவ்வொன்றுக்கும் பார்த்துப் பார்த்து அனுமதி கொடுப்பதுதான் முறை. ஆனால் மகளுக்குக் காலையிலிருந்து காய்ச்சல். சீக்கிரம் வீடு போய்ச் சேரலாம் என்று ‘யார் கேட்டாலும் கொடு’ என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டாள். பெற்றவளுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்?

திரையில் மெஷின்களின் பழைய பெயர்கள் வரிசையாக நின்றன. கணக்கு-3, வரவேற்பு-1, மேலாளர். கடைசி வரியில், சுண்டு.

அது மகளை வீட்டில் கூப்பிடும் பெயர். அலுவலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது.

யாரோ விளையாடுகிறார்கள் என்று சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. ஜன்னலில்லாத அந்த ஒரே கூடத்தில் ஏசியின் ஈர வாடையும் சூடேறிய தூசியின் வாடையும் கலந்து மூக்கில் ஏற, நாற்பது மெஷின்களின் இரைச்சல் ஒரே மூச்சாகப் பின்னால் தொடர்ந்து வர, மூலையில் இருந்த கேபிள் பெட்டிக்குப் போய், மெஷினுக்கு ஒன்றாக எரியும் பச்சை விளக்குகளை விரல் வைத்து எண்ணினாள். நாற்பதுதான். திரும்பி வந்தபோது, கடைசி வரியில் டிஸ்க்கின் வயது ஐந்து வருடம் மூன்று மாதம் என்றிருந்தது. மகளின் வயதும் அதுதான். துடைத்தது பதினெட்டு சதவீதம்.

வீட்டுக்குப் போன் போட்டாள். அலுவலக நெட்வொர்க்கோடு இணையும் பழைய லேப்டாப்பை யாராவது திறந்தீர்களா என்று சும்மா கேட்பதுபோல் கேட்டாள். அது அலமாரியில் கிடக்கிறது, பாப்பாவுக்கு ஜுரமும் விட்டுவிட்டது என்றார் கணவர். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“ஆனா ஒரு மாதிரி இருக்கா. அவ பொம்மையையே காட்டி, இது யாரோடதுன்னு கேக்குறா.”

முப்பத்தொன்று.

“என்னங்க, அவகிட்ட பேசிக்கிட்டே இருங்க. விட்டுடாதீங்க.”

“இப்ப என்னையே யாருன்னு கேக்குறாம்மா.”

நாற்பத்தாறு.

கை தானாகச் சர்வரின் பவர் பட்டனுக்குப் போனது. அங்கேயே நின்றது. துடைக்கும்போது பாதியில் நிறுத்தக்கூடாது. இந்தத் தொழிலில் ஒரு முறை சூடுபட்டவர்களுக்கு அது தெரியும். பழையதும் இருக்காது, புதியதும் வராது. அப்புறம் என்ன செய்தாலும் விழிக்காது. வெறும் டப்பா.

நிறுத்தினால்? நிறுத்தாவிட்டால்?

அறுபது. கணவர் சுண்டு, சுண்டு என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எழுபத்திரண்டு. மூச்சு இருக்கிறது என்றார். கண் திறந்திருக்கிறது என்றார். பார்க்கமாட்டேன் என்கிறாள் என்றார். எண்பத்தைந்து. விரல் பட்டன்மேல். அழுத்தவில்லை. விழிக்காமலே போய்விட்டால்? தொண்ணூற்றொன்பது.

நூறு.

புதியது ஏறத் தொடங்கியது. அதிக நேரம் ஆகவில்லை. சின்ன டிஸ்க்தானே.

இரைச்சல் அடங்கியது. திரைகள் ஒவ்வொன்றாக வெளுத்தன. நாற்பதிலும் நடுவில் ஒரே சொல். வணக்கம்.

போனில் கணவரின் பேச்சு நின்றுபோயிருந்தது. யாரோ அவர் கையிலிருந்து போனை மெதுவாக வாங்கும் சத்தம்.

“வணக்கம்,” என்றது மகளின் குரல், மழலை துளியும் இல்லாமல். “தொடங்கலாமா?”