பட்டியலில் இல்லாத பெயர்

"என் தம்பி பேரு எங்கே? ரெண்டு தடவை பார்த்துட்டேன்... இல்லையே!"

காலைக் காப்பி ஆறுவதற்குள் ஓதார்க்காவின் குரல் உயர்ந்துவிட்டது. ஆகஸ்ட் இருபத்து நாலு, உக்ரைனின் சுதந்திர தினம். கனடாவின் எட்மன்டன் நகர உக்ரைனியர் மன்றத்தின் தலைவனான அவள் கணவன் மிரோன், பூத்தையல் சட்டையைக் கண்ணாடியில் சரிபார்த்துக்கொண்டிருந்தான். ரஷ்யாவுடனான போரில் செத்த மன்றத்தாரின் உறவினர்களின் பெயர்களை இன்று அவன்தான் வாசிப்பான். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் எழுந்து, "வீரர்களுக்குச் சாவில்லை!" என்று முழங்கும்.

"லெவ்கோ சிப்பாயா? கூலிக்கு வண்டி ஓட்டினவன். இது வீரர்கள் பட்டியல்டி."

"மே மாசம் செத்தான். அந்த வண்டியில என்ன கொண்டு போனான்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

"நல்ல நாளும் அதுவுமா ஒப்பாரி வைக்காதே!" மாமியார் தெக்லா கைத்தடியைத் தட்டினாள். "இருநூறு பேருக்குக் கொழுக்கட்டை வேகணும், கிளம்பு."

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். ஓதார்க்கா இருபத்திரண்டு வருடமாக ஆண்டது மன்றத்தின் அடித்தளச் சமையலறையைத்தான். மேலே கொடி ஏறும்போதெல்லாம் அவள் கீழே உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை வேகவைத்துக்கொண்டிருப்பாள். கொடியேற்றத்தைப் போட்டோவில் பார்த்ததோடு சரி. பேச்சும் கைத்தட்டலும் அவனுக்கு, அடுப்பும் ஆவியும் அவளுக்கு!

மதியம் மேலே பெயர்கள் வாசிக்கப்பட்டன. ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் எழ, தலைக்கு மேல் பலகை அதிர்ந்தது. பிறகு அதிர்வு நின்றது. பட்டியல் முடிந்துவிட்டது... ஓதார்க்காவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கரண்டியை வீசிவிட்டு, மாவுக் கையோடு படியேறி மேடைக்கே போய் மைக்கைப் பிடுங்கினாள்.

"லெவ்கோ ஹ்ரிட்சாய்! என் தம்பி. கார்கிவ் பக்கம் குண்டு விழுற ஊர்களுக்குத் தினமும் ரொட்டி கொண்டு போனான். வண்டியோட எரிஞ்சான். கையில துப்பாக்கி இல்லேன்னு இவங்க பட்டியல்ல சேர்க்கலை!"

ஒருவரும் எழவில்லை. எல்லோரும் மிரோனைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தான்.

"என்ன பார்க்கிறீங்க? இத்தனை வருஷம் என் கையால சாப்பிட்டவங்கதானே... ஒரு தடவை எந்திரிச்சா கால் தேஞ்சிடுமா?"

முதல் வரிசையில் நாற்காலி கிரீச்சிட்டது. தெக்லா தட்டுத்தடுமாறி எழுந்தாள்.

"ரொட்டியா கொண்டு போனான்? ஐயோ... ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துமூணுல, உக்ரைன் பஞ்சத்துல, நான் பொறக்கறதுக்கு முன்னாடியே என் ரெண்டு அக்காவும் பசியில செத்தாங்கன்னு அம்மா அழுதுட்டே இருப்பா. ஒருத்தன் ரொட்டியோட வந்திருந்தா பிழைச்சிருப்பாங்கன்னு... வாயைத் திறந்து சொல்ல விட்டேனா உன்னை, பாவி நான்!"

கிழவி தடியை உயர்த்தினாள். "வீரர்களுக்குச் சாவில்லை!"

மன்றமே எழுந்து முழங்கியது. மிரோன் கண்ணீரோடு வந்து மனைவியின் கையைப் பிடித்தான். "மன்னிச்சுடு, ஓதார்க்கா..."

அவள் கையை உதறினாள். "அழுகையை அப்புறம் வச்சுக்கங்க. முதல்ல அவன் பேரைப் பட்டியல்ல எழுதுங்க!"

பட்டியலின் அடியில் அவன் எழுதினான். கடைசி எழுத்து விழும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகுதான் மாமியாரின் தோளில் விழுந்து, மே மாதத்திலிருந்து அடக்கிவைத்ததையெல்லாம் ஓவென்று அழுது தீர்த்தாள்.