சிலாப்புக்குக் கீழே ஒரு ரிங்டோன்!

ஃபோன் அடித்தது.

தரைக்கு அடியில்!

பூக்கூடையை இறக்கி வைத்த தனம் திடுக்கிட்டுக் குனிந்தாள். சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து பிரியும் குறுக்குத் தெரு. சத்தம், மழைநீர்க் கால்வாயை மூடியிருந்த சிமெண்ட் சிலாப்புக்குக் கீழிருந்து வந்தது...

"ஐயோ! உள்ள யாரோ கீறாங்க!"

ஓடி வந்தவர்கள் கடப்பாரையால் சிலாப்பை நெம்பினார்கள். உள்ளே குப்புறக் கிடந்தான் தாவீது. கவுன்சிலர் தேர்தலில் நிற்கும் கணக்கு வாத்தியார் ஜோனத்தானின் பிரச்சார ஆள்.

மூச்சு மட்டும் நூலாக இழைந்தது.

கயிறு போட்டு வெளியே இழுத்தார்கள். ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு பறந்தது.

அடுத்து ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் ஏகநாதன்! எதையும் விளக்கிச் சொல்லாவிட்டால் தூக்கம் வராத மனிதர்.

"எவனோ அட்ச்சி உள்ள தள்ளிக்கீறான் சார்!" என்றாள் தனம்.

"இல்லம்மா. ஆம்புலன்ஸ்ல கேட்டுட்டேன், உடம்புல ஒரு அடி கூட இல்ல. இது வாயு."

"வாயுவா? இன்னா சார் சொல்ற?"

"மழைத்தண்ணி மட்டும் போக வேண்டிய கால்வாய் இது. இதுல யாரோ கக்கூஸ் பைப்பை விட்டிருக்காங்க. கழிவு அழுகினா விஷ வாயு. முதல்ல அழுகின முட்டை நாத்தம் வரும். கொஞ்ச நேரத்துல நாத்தம் போயிடும். அப்பாடான்னு நினைப்போம்... போனது நாத்தம் இல்ல, மூக்கு! அடுத்தது ஆள்."

ஜோனத்தான் தலை குனிந்தபடி முன்னால் வந்தார்.

"நான்தான் சார் அவனை அனுப்பினேன். அந்தப் பைப்பை வீடியோ எடுத்துட்டு வரச் சொன்னேன். பிரச்சாரத்துக்கு..."

"சிலாப்பைத் திறந்தது யாரு?"

"அது ரொம்ப நாளா தொறந்துதான் சார் கெடந்துச்சு," என்றாள் தனம். "காலைல பூ எடுக்கப் போறப்ப கூட தொறந்துதான் கீது. திரும்பி வந்து பாத்தா மூடிக்கீது!"

"அதான் விஷயம்!" ஏகநாதன் விரல் சொடுக்கினார். "திறந்திருந்தா காத்து இறங்கியிருக்கும். முனகல் வெளிய கேட்டிருக்கும். தாவீது உள்ள போனதும் யாரோ மூடியிருக்காங்க. மூடினவங்கதான் நமக்கு வேணும்!"

கூட்டத்தின் ஓரத்தில் ஒருத்தி சட்டென்று பின்வாங்கினாள்.

ரமா. காலனி சங்கச் செயலாளர். சுயேச்சை வேட்பாளர்.

மூடியது அவள்தான்!

காலையில் ஓட்டுக் கேட்டு வந்தபோது, "குழந்தைங்க விழுந்துடும்" என்று அவள்தான் சொன்னாள். கணவன் ஷ்யாம்சுந்தரும் ஆட்டோ டிரைவரும் தள்ளினார்கள். கடைசி நொடியில் ரமா சிலாப்பில் கை வைத்துச் சிரித்தாள். க்ளிக்!

மூன்று பேரில் ஒருவரும் குனிந்து உள்ளே பார்க்கவில்லை.

"வாயைத் திறக்காதே," ஷ்யாம்சுந்தர் கிசுகிசுத்தான். "இன்னும் நாலு நாள்ல ஓட்டு."

ஏகநாதன் ஜோனத்தானை நெருங்கினார்.

"நேத்து டீக்கடையில தாவீதோட சண்டையாமே சார்?"

"ஆமா... இறங்க மாட்டேன்னான். கோழைன்னு திட்டிட்டேன். ஆனா மூடறதுக்கு நான் ஏன் சார்..."

"அனுதாப ஓட்டு விழுமே! ஜீப்ல ஏறுங்க."

வாத்தியாரின் முகம் வெளுத்தது. கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தவர், ரமாவிடம் வந்து நின்றார்.

"மேடம், நீங்களாவது சொல்லுங்க. நான் அப்படிப்பட்டவனா?"

ரமா நிமிரவில்லை. "விசாரணைன்னா ஒத்துழைக்கணும் சார்..."

சொன்னது தன் வாய்தானா? காது கூசியது அவளுக்கு. ஜோனத்தான் ஏறி உட்கார்ந்தார். யாரோ செல்ஃபோனில் அவரைப் படம் பிடித்தார்கள்.

எஞ்சின் உறுமியது.

"நிறுத்துங்க!" ரமா ஓடிப்போய் ஜீப்பின் கம்பியைப் பிடித்தாள். "சார்... மூடினது நான்தான்! போட்டோவுக்காக மூடினேன். உள்ள எட்டிப் பார்க்கல..."

கூட்டம் ஜீப்பைச் சூழ்ந்தது.

"தேர்தல்லேர்ந்து விலகிடறேன் சார். எந்த மூஞ்சியோட ஓட்டு கேப்பேன்?"

"வாபஸ் தேதி எப்பவோ முடிஞ்சு போச்சு மேடம். மெஷின்ல உங்க பேர் இருந்தே தீரும். ஜெயிச்சாலும் ஜெயிப்பீங்க. கேஸ் மட்டும் கூடவே வரும்."

சொல்லிவிட்டு ஏகநாதன் தன் செல்ஃபோனை நீட்டினார்.

"ஆனா நீங்க மூடினது எனக்கு முன்னாடியே தெரியும். உங்க வாயால வரணும்னுதான் இவரை ஏத்தினேன்."

காலனி வாட்ஸ்அப் குரூப்! 'களத்தில் உங்கள் ரமா!' என்ற வரிக்குக் கீழே, சிலாப்பில் கை வைத்துச் சிரிக்கும் ரமா.

"யார் சார் இதைப் போட்டது?" என்றாள் ரமா.

ஷ்யாம்சுந்தர் தன் செல்ஃபோனை அவசரமாகப் பைக்குள் தள்ளினான்.

"அது இருக்கட்டும். ஓரத்துல பாருங்க."

ரமா பார்த்தாள். படத்தின் ஓரத்தில், சிலாப்பை ஒட்டி, கழற்றி விட்ட ஒரு ஜோடி செருப்பு.

தாவீதின் செருப்பு!

"கீழே எத்தனை கட்டை விரல் பாருங்க! காலனியே லைக் போட்டிருக்கு. 'சூப்பர் மேடம்'னு வேற. செருப்பு யாருதுன்னு ஒருத்தர் கேட்டிருந்தா அவனை அப்பவே தூக்கியிருக்கலாம்."

கூட்டத்தில் ஒவ்வொருவராகத் தலை குனிந்தார்கள்.

ஏகநாதனின் ஃபோன் ஒலித்தது. ஆஸ்பத்திரி.

"கண் முழிச்சுட்டான்... பிழைச்சுடுவான்!"

ரமா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"சாரி வாத்தியார் சார், நீங்க இறங்கலாம்," என்றார் ஏகநாதன்.

ஜோனத்தான் அசையவில்லை. வேட்டி நுனியைத் திருகினார்.

"சார்... அந்தப் போட்டோவுக்கு முதல் லைக் போட்டது நான்தான். எதிர் வேட்பாளர்கிட்ட நாகரிகமா நடந்துக்கணும்னு... செருப்பை நானும் பாக்கல."

ஏகநாதன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப நீங்க இறங்க வேணாம் சார். கொஞ்சம் தள்ளி உக்காருங்க... மேடம் ஏறணும்!"