நான்காம் படுக்கைக்குப் போன ஊசி

நான்காம் படுக்கைக்காரர் செத்துக் கிடந்தார். சர்க்கரை வியாதியே இல்லாத அவர் உடம்பில் ஏழாம் படுக்கைக்குரிய இன்சுலின் ஏறியிருந்தது. வார்டில் இருந்ததே அந்த இரண்டு நோயாளிகள்தான்.

பிற்பகல் 2.10. பெண் இன்ஸ்பெக்டர் நர்ஸை எதிரே உட்காரவைத்தாள்.

"யார் சொல்லிப் போட்டீங்க?"

"கம்ப்யூட்டர்ல இருந்துச்சு மேடம். நாலுக்கு நேரே இன்சுலின்."

"டாக்டர் ரூம்ல அதே பக்கத்தைப் பார்த்தேன். ஏழுக்கு நேரேதான் இருக்கு. பொய்னு ஆச்சுன்னா ஜெயில், தெரியுமில்ல?"

"கண்ணால பார்த்தேன் மேடம்!"

இன்ஸ்பெக்டர் வார்டுக்குள் நுழைந்தாள். கீபோர்டின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாத கம்ப்யூட்டர். திரையின் இடப்பக்கம் படுக்கை எண்கள், வலப்பக்கம் மருந்துகள். முதல் வரியில் நான்கு, நேரே இன்சுலின். அடுத்த வரியில் ஏழு.

டாக்டர் அறைக்கு ஓடினாள். அங்கே பழைய கம்ப்யூட்டர். முதல் வரியில் ஏழு, நேரே இன்சுலின். மருந்துகள் இருந்த இடத்திலேயே இருந்தன. எண்கள் மட்டும் தலைகீழ்!

அந்தப் பக்கத்தை எழுதிய புரோகிராமர் வியர்வையோடு வந்து சேர்ந்தான்.

"ஏழாம் படுக்கை முதல்ல அட்மிட் ஆனவர் மேடம். பக்கத்தைத் திரையில காட்டற பிரவுசர், எண்களைப் போட்ட வரிசையிலேயே திருப்பித் தரும். வருஷக்கணக்கா எல்லா பிரவுசரும் அப்படித்தான்."

"இது?"

"வார்டு கம்ப்யூட்டர்ல இருக்கறது புது பிரவுசர். எண்ணுன்னா சின்னதுலேருந்து பெரிசா அடுக்கிடுது. மருந்துப் பட்டியல் தனி, அது எண் இல்லாததால அசையலை."

"அடுக்கலாமா?"

"புரோகிராம் எழுதற மொழியோட விதியில வரிசையைப் பத்தி எழுதவே இல்லை."

"எழுதாததை நம்பியா உயிரைத் தொங்கவிட்டீங்க?"

"உலகமே நம்புச்சு மேடம்."

அந்த விதிகளை எழுதும் குழுவில் அவளுடைய அண்ணனும் ஒருவர். போன் போட்டாள்.

"வரிசை விவகாரமா? ஓட்டுக்கே வந்துச்சும்மா. எல்லா பிரவுசரும் செய்யறதுதானே, விதியில சேர்ப்போம்னாங்க. நான்தான் குதிச்சேன். கண்ட பழக்கத்தையெல்லாம் சட்டமாக்கினா மொழி குப்பைத்தொட்டி ஆயிடும்னு. ஒரு ஓட்டுல ஜெயிச்சேன். ஏன் கேக்கறே?"

"ஒருத்தர் செத்துட்டார் அண்ணா."

"பிரவுசர்காரன் விதியை மீறலையே..."

"யாருமே மீறலை. அதுதான் கொடுமை."

மாலை 5.00. மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். யாருக்கும் உறைக்காமல் போன புதுக் கம்ப்யூட்டர், இடம் மாறிய எண்கள், அந்த ஓட்டு.

"சரி, குற்றவாளி?"

"எழுதாம விட்ட ஒரு வரி சார். விடச் சொன்னது என் கூடப்பிறந்தவர்."

"வரிக்கு விலங்கு மாட்டுவியா? ஓட்டுப் போட்டதுக்கு உங்க அண்ணனை எந்தப் பிரிவுல பிடிப்பே? ஊசி பிடிச்ச கை ஒண்ணுதான்மா இருக்கு. கோர்ட்டுக்கு அது புரியும். அனுப்பிவை."

அவள் வாதாடினாள். அவர் ஃபைலை மூடிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே நர்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பத் தயாராக நின்றாள். முகத்தில் அன்று முதன்முறையாகச் சிரிப்பு.

"கண்டுபிடிச்சுட்டீங்களாமே மேடம்? என் மேல தப்பில்லைன்னு?"

"ஆமா," என்றாள் இன்ஸ்பெக்டர். "கண்டுபிடிச்சுட்டேன்."

சொல்லிவிட்டு, போலீஸ் வேனின் பின்கதவை அவளுக்காகத் திறந்து பிடித்தாள்.