நாற்பதுக்கு முப்பது

நான்காவது ஞாயிறு டேப் பிடித்தபோதுதான் எஸ்தருக்கு உறைத்தது. அவள் மனையின் வடக்குப் பக்கம் முப்பத்தெட்டு அடி. போன வாரம் நாற்பது. டேப்பின் முனை கல்லிலிருந்து நழுவியிருக்கும் என்று மறுபடி இழுத்துப் பிடித்தாள், முப்பத்தெட்டேதான். ஓரிக்கைக்கு அப்பால், பாலாற்று ஓரத்து அந்த லேஅவுட்டில் ஈ காக்கை கிடையாது. காய்ந்த கோரைப்புல்லின் வாசனையும், காற்று சீண்டும் மணலின் சரசரப்பும், அவள் மூச்சும், அவ்வளவுதான்.

எஸ்தருக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அம்மா போன பிறகு அவளுக்கென்று யாரும் இல்லை. பதினோரு வருடச் சேமிப்பை எதில் போடுவது என்று கேட்க ஆளில்லாமல், பத்திரம் எழுதும் சிட்டிபாபுவிடம் போய் நின்றாள். மனிதர் நல்ல மாதிரி. முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கச் சொன்னார், பட்டா யார் பெயரில் என்று பார்க்கச் சொன்னார். ஆள் நடமாட்டம் இல்லாத மனையில் கல்லைப் பிடுங்கித் தள்ளி நட்டுவிடுவார்கள், சொந்த டேப் வாங்கி வாராவாரம் அளந்துவிடு என்றார். அதற்காகவே நான்கு எல்லைக்கல் தலையிலும் மஞ்சள் பெயின்ட் அடித்து வைத்தாள்.

பத்திரம் பதிந்த அன்று நிலத்தில் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. நிலமுள்ள வீட்டில் பிறந்திருந்தால் தெரிந்திருக்கும். அவள் ஆட்களில் மூன்று தலைமுறையாக யாருக்கும் கல்லறைத் தோட்டத்து ஆறடி தவிர வேறு மண் சொந்தமானதில்லை. அன்று சாயங்காலம் சந்தோஷம் தாங்கவில்லை. யாரிடம் போய்ச் சொல்வது? நடு மனையில் வெறுந்தரையில் மல்லாந்து படுத்து, கைகால் நீட்டி, “இவ்ளோவும் என்து” என்று வாய்விட்டுச் சொன்னாள். மண் இதமாக இருந்தது. அப்படியே கண்ணசந்தும் போனாள்.

ஐந்தாவது ஞாயிறு முப்பத்தொன்று. ஆறாவது ஞாயிறு பத்தொன்பது. கல்லைச் சுற்றித் தோண்டிய தடம் எதுவும் இல்லை. பக்கத்து மனைக் கற்கள் நட்ட இடத்திலேயே இருந்தன.

ஏழாவது ஞாயிறு கற்களையே காணோம். அவள் படுத்திருந்த இடத்தைச் சுற்றி நான்கு ஈரக் குழிகள். டேப் வைத்து அளந்தாள். நீளம் ஐந்தடி இரண்டங்குலம். அது அவள் உயரம்.

சிட்டிபாபுவுக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

“அங்க படுத்தியாமா நீ?”

“ஆமாண்ணா. பதிஞ்ச அன்னிக்கு.”

“நாமதாம்மா நெலத்த அளக்கணும். நம்ம அளவ அதுக்குக் குடுக்கக் கூடாது. இன்னிக்கு ஒண்டியா படுத்துக்காத. யார் வூட்லனா போய் இரு.”

யார் வீட்டில்? பஸ்ஸில் உட்கார்ந்து போனிலிருந்த பெயர்களை மேலிருந்து கீழ்வரை தள்ளினாள். கூடத்து மேனேஜர், கேஸ்காரர், அம்மாவின் பழைய நம்பர். இறங்கும் இடம் வந்துவிட்டது. பிள்ளையார்பாளையத்தில் வாடகைக்கு இருந்த ஒற்றை அறைக்கே போனாள்.

கதவைத் தாழிட்டாள். விளக்கை அணைக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரரின் தறி ஓடிக்கொண்டிருந்தது. ஆள் இருக்கிறார் என்ற தைரியத்தில் பாயை விரித்துச் சுருண்டாள்.

கரண்ட் போனது. தறி நின்றது. புழுக்கத்தில் கோரைப்புல் வாசனை.

போனைத் துழாவினாள். தலைமாட்டில் விரல் எதிலோ இடித்தது. சொரசொரப்பு. ஈரம். ஒட்டியிருக்கும் மணல். மற்ற கை. அங்கேயும். காலை மெல்ல நீட்டினாள். குதிகாலில் ஒன்று. இன்னொரு காலிலும்.

கரண்ட் வந்தது. பாயின் நான்கு மூலையிலும் மஞ்சள் தலைகள்.

எஸ்தர் முழங்கால்களை மார்போடு இழுத்துக்கொண்டாள். கால்மாட்டுக் கற்கள் இரண்டும், கரகரவென்று தரையை உரசிக்கொண்டு, கூடவே வந்தன.