வராதவனுக்கு எண்பத்தெட்டு

அன்று காலை ஏழாம் படப்பிடிப்புத் தளத்தில் இருந்தவர்கள்: நாட்டியக்காரி குமுதவல்லி, கதாநாயகன் இமயவர்மன், நட்டுவனார் சிங்காரவேலு, மெய்ப்பாட்டு வாரியத்தின் அளவர் ஜெசிந்தா. முதல் மூவரும் ஒருவரையொருவர் வெறுத்தார்கள். ஜெசிந்தா மூவரையும் சமமாக வெறுத்தாள்; அது அவள் உத்தியோகம்.

காதல் பாட்டில் எழுபது புள்ளி வாங்காதவர் மூன்றாம் தடவையோடு வெளியே போக வேண்டும். அவர் உருவத்தில் கணினி செய்த நிழலுரு மீதியை ஆடும். அந்த உருவம் ஆயுளுக்கும் படநிறுவனத்தின் சொத்து. சொந்தக்காரர் அப்புறம் எந்த மேடையிலும் ஏற முடியாது. பொய்யாகக் காதலிக்க ஆள் எதற்கு, இயந்திரம் போதாதா என்று ஊர் ஊராகக் கேட்டு இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவன் இமயவர்மன்தான்.

குமுதவல்லி இரண்டு தடவை தோற்றிருந்தாள். பதினொன்று, ஒன்பது.

ஜெசிந்தா அவள் கழுத்தில் மெய்ப்பாட்டுமானியை ஒட்டினாள். பருப்பளவு வில்லை. நாடியையும் வியர்வையையும், கேமரா வழியாகக் கண்மணியின் விரிவையும் படித்துப் புள்ளி போடும்.

"இன்னிக்காவது என்னைக் கொஞ்சம் காதலிம்மா. கஷ்டமா இருந்தா கண்ண மூடிக்கோ" என்றான் இமயவர்மன்.

"மூடினாலும் உங்க சென்ட் வாசம் வருதே சார்."

"எனக்கு ரெண்டு தடவையும் தொண்ணூத்தொண்ணு. வாசம் ஒண்ணும் தடுக்கல."

தொண்ணூற்றொன்று எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். இரண்டு தடவையும் அவன் கண் அவள் முகத்தில் இல்லை, தோளுக்கு மேலே இருந்தது. அங்கே மானிட்டரில் அவன் முகம் ஓடிக்கொண்டிருந்தது.

"மேடம், மானிட்டரச் சொவத்துப் பக்கம் திருப்புங்க" என்றாள்.

ஜெசிந்தா விதிப்புத்தகத்தைப் புரட்டினாள். நடிப்பவர் கண்ணில் தன் பிம்பம் படக் கூடாது என்று இருந்தது. திருப்பினாள். 

"இன்னொண்ணு" என்றார் சிங்காரவேலு. "இது பதம். வராத ஆளைப் பத்தி ஒருத்தி தோழிகிட்ட பொலம்புறா. அவன் வந்து எதிர்ல நின்னா அவ எதுக்குப் பொலம்பணும்? மொத நாளே சொன்னேன். ஹீரோ இல்லாம லவ் சாங்கான்னு சிரிச்சாரு இவரு."

"சினிமான்னா என்னன்னு தெரியுமா மாஸ்டர் உமக்கு?"

"பதம்னா என்னன்னு தெரியும்."

பாட்டுக்குள் யார் நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பது நட்டுவனார். அதுவும் விதியில் இருந்தது. இமயவர்மன் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றான்.

சிங்காரவேலு தட்டுக்கழியை எடுத்தார். குமுதவல்லி காலி இடத்தைப் பார்த்து உட்கார்ந்தாள். ஒரு வரிதான். "இன்னும் வரவில்லையே" என்பதை ஒன்பது விதமாக அபிநயம் பிடித்தாள்: கோபமாக, கேலியாக, பிறகு மானம் கெட்டு. ஒன்பதாவதில் கை பாதியில் நின்றுவிட்டது. எண்பத்தெட்டு.

"'யாருக்காக'ன்னு ஒரு கட்டம் இருக்கு. யாரை நெனச்சீங்க?" ஜெசிந்தா கேட்டாள்.

"யாரையும் இல்ல. வராதவன்னு போட்டுக்குங்க."

ஜெசிந்தா அப்படியே எழுதினாள். "சார், பழைய தொண்ணூத்தொண்ணு ரெண்டும் உங்க பிம்பத்தப் பாத்து வாங்கினது. செல்லாது, தோல்விதான். இது உங்க மூணாவது. அவங்களப் பாருங்க."

அவன் பார்த்தான். முழுசாக மூன்று நிமிடம், முதல் தடவையாக, அவள் முகத்தை. அவன் கழுத்தில் ஒட்டிய மானி நான்கு காட்டியது.

"மெஷின் பொய் சொல்லுது" என்றான்.

"அது பொய்யே சொல்லாதுன்னு பேசினது நீங்க சார். எங்க ஊர்ல கைதட்டினோம்" என்றாள் ஜெசிந்தா.

காவலாளி வந்து அவன் முழங்கையைத் தொட்டான். அதற்குள் கணினி அவன் நிழலுருவைத் தளத்தில் இறக்கிவிட்டிருந்தது. அவனைவிட நல்ல நிறம்.

"இத எங்க நிறுத்தறது மாஸ்டர்?" என்றாள் ஜெசிந்தா.

"மானிட்டர் பக்கத்துல நிக்கட்டும். சந்தோஷமா இருக்கும்" என்றாள் குமுதவல்லி.

இமயவர்மன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நிழலுரு அவன் குரலிலேயே இருமிக் குரலைச் சரிசெய்துகொண்டது. அவன் வெளியே நடந்தான். ஜெசிந்தா பின்னாலேயே போய்க் கதவை உள்பக்கமாகச் சாத்திப் பூட்டினாள்.