வடமாலபேட்டையில் உறையாத பால்

செல்வி ரேகா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அழுதுவிட்டாள். வடமாலபேட்டையில் பால் வாங்கித் தயிராக்கி, திருப்பதி மெஸ்களுக்குப் போடுகிறவள்.

"அக்கா, ஒரு வாரமா தயிர் உறையவே மாட்டேங்குது. உறை ஊத்துறவன் முனிசாமி. போட்டிக்காரன்கிட்ட கைநீட்டிக் காசு வாங்கிட்டான். நாளையோட வேலைய வுட்டு நிறுத்தப் போறேன்."

உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ரேகா வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டாள். பரபரத்ததெல்லாம் அவள் கணவர் ஜெபகுமார்தான். பஸ் கண்டக்டராக இருந்தவர்; டிக்கெட் எடுக்காதவனை முகத்திலேயே கண்டுபிடிப்பவர். முனிசாமியைப் பார்க்கும் முன்பே அவன்தான் என்று முடிவுகட்டிவிட்டார்.

தயிர்க் கொட்டகையில் முனிசாமி கண் கலங்கி நின்றான். "ஊரே திருடன்னு பேசிக்கினு கீது. இனிமே எவன் வேலை குடுப்பான்?"

ரேகா இரண்டு டம்ளர் வாங்கினாள். ஒன்றில் கொட்டகைப் பால், மற்றதில் கடைப் பாக்கெட் பால். இரண்டையும் காய்ச்சி ஆற்றி, முனிசாமியின் உறையையே ஊற்றி வைத்தாள். மறுநாள் பாக்கெட் பால் கட்டியாக உறைந்திருந்தது. கொட்டகைப் பால் தளும்பியது.

"உறை நல்லாத்தான் இருக்கு. பால்லதான் கோளாறு."

"தண்ணியா?" என்றார் ஜெபகுமார்.

"தண்ணி கலந்தா தயிர் நீர்க்கும், அவ்ளோதான். மடி வீங்கின மாட்டுக்கு ஊசி போட்டா மருந்து பால்ல இறங்கும். உறையில இருக்கிற கிருமிய அது கொன்னுடும். காய்ச்சினாலும் போவாது."

செல்விக்குப் பால் வருவது இரண்டு வீட்டிலிருந்து. நாகபூஷணம் வாசலிலேயே கத்தினார்: "எம் மாட்டயா சந்தேகப்படறீங்க? மோர் குடிச்சுப் பாத்துட்டு அப்பறம் பேசுங்க!" சொம்பு நிறையக் கொடுத்தார். சாய்குமாரோ, "ரண்டி, ரண்டி" என்று தெலுங்கில் உள்ளே அழைத்து, மணக்க மணக்கக் காபி கொடுத்தான். கழுவிவிட்ட தொழுவத்தில் நாலு பசு. கொடியில் பிள்ளையின் யூனிஃபார்மோடு பால் பாக்கெட் கவர்கள் கழுவிக் காய்ந்தன.

"கத்துனான் பாரு, அவன்தான்," என்றார் ஜெபகுமார் வழியில்.

"காபி நல்லா இருந்துச்சில்ல?" என்றாள் ரேகா.

சாயங்காலம் எல்லாரையும் கொட்டகைக்கு வரச் சொன்னாள்.

"நாகபூஷணம் வீட்டுப் பால் அவங்க வீட்லயே தயிராகி மோராகுது. அதுல மருந்து இல்ல. சாய்குமார், நாலு மாடு கட்டியிருக்கிற வீட்ல பாக்கெட் பால் எதுக்குப்பா?"

"விருந்தாளிங்க வந்தாங்க மேடம். பத்தல."

"பத்தலன்னா கேன் குறையணும். உன் கேன் தெனம் ரொம்பித்தான் வருது."

சாய்குமார் தலை குனிந்தான். "மாட்டுக்கு ஊசி போட்ட டாக்டர், பசங்களுக்குக் குடுக்காதேன்னாரு. கறந்தத கீழ கொட்ட மனசு வரல."

ஜெபகுமார் முனிசாமியின் தோளைத் தட்டிவிட்டு, கிளம்பலாம் என்று எழுந்தார். ரேகா அசையவில்லை.

"செல்வி, உறையாத பாலெல்லாம் எங்க போச்சு?"

முனிசாமி தரையைப் பார்த்தபடி சொன்னான்: "கொட்டிடலாம்னு சொன்னேன்கா. போட்டிக்காரனுக்காக நஷ்டம் பண்ணப் பாக்கிறேன்னுட்டாங்க."

"பால் கெடலயேக்கா," என்றாள் செல்வி மெல்ல. "டீக்கடைங்களுக்குக் குடுத்துட்டேன். இன்னிக்கும்."

ஜெபகுமார் திரும்ப உட்கார்ந்தார். எந்த முகத்தைச் சந்தேகப்படுவது என்று அவருக்கே தெரியவில்லை.

ரேகா செல்போனை எடுத்து நீட்டினாள். செல்வி முதல் டீக்கடையின் எண்ணை அழுத்தினாள். மணி போய்க்கொண்டிருந்தது.

"முனிசாமி, நாளைக்கு வேலைக்கு வந்துடறியா?" என்றாள் செல்வி.

"நீங்க மொதல்ல பேசுங்க," என்றான் அவன். "என்னா சொல்றீங்கன்னு கேட்டுட்டுச் சொல்றேன்."